வீட்டு முற்றத்தில் காபரேட்டர் டியூன் செய்வது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கார் வைத்திருப்போருக்கு

கார் ஸ்லோவில், அதாவது அக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, நிற்காமல் ஓவ் ஆகிறது, பெற்றோல் குடிக்கிறது, அக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் திக்கித்தான் இழுக்கிறது. உடனே எல்லோரும் சொல்வது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் "காபரேட்டரைத் திருகிப் பாருங்கோ" என்பதுதான். அந்தத் திருகல்தான் கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டு இஸ்குரூவுக்கு வந்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். பார்க்காமல் வந்தால் இரண்டு கிழமை திருகினாலும் முடியாது.

இது கேஈ70 கொரோலா, பி11 சன்னி, மாருதி 800 போன்ற, கீழ்நோக்கிக் காற்று இழுக்கும் சாதாரண காபரேட்டர் உள்ள கார்களுக்கானது. மொரிஸ் மைனர்காரருக்குத் தனியாக ஒரு பகுதி கீழே உண்டு. சைலன்சர் பைப்பின் தொடக்கத்தில் ஒக்சிசன் சென்சரும், காபரேட்டருக்குக் கட்டுக்கட்டாக வயரும் போயிருந்தால் அது கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் வகை. அதில் இந்த முறையைக் கையாள வேண்டாம்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் பெற்றோல் கணக்கிலேயே சொல்லலாம். காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே ஒரு டின், ஏறத்தாழ நாலைந்து லீற்றர் பெற்றோல் காசு. கஸ்கட், நீடில் வால்வு, பம்ப் ரப்பர் எல்லாம் அடங்கிய ரிப்பேர் கிற் சிறிய காருக்குப் பெரும்பாலும் ஒரு முழு டாங்கி பெற்றோல் காசுக்குள் அடங்கும். ஆனால் டியூன் செய்ய மட்டும் கிற் வேண்டாம், கழற்றிக் கழுவினால்தான் வேண்டும்.

ஆயுதங்கள்: நீளமான தட்டை ஸ்குரூ டிரைவர், 8, 10, 12, 14 ஸ்பேனர்கள், பிளக் சொக்கற், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளி அளக்கும் தகடுகள்), ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் மீற்றர். டாஷ்போர்டில் ஆர்பிஎம் முள் இருந்தால் மீற்றர் தேவையில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் காட்டும் வெக்கூம் கேஜ் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வது புத்தி. வருடத்துக்கு இரண்டு தரம்தான் தேவைப்படும்.

ஜப்பான் காபரேட்டரின் மேல்மூடியில் உள்ள கூட்டல்குறி இஸ்குரூ, நாம் வழக்கமாக வைத்திருக்கும் பிலிப்ஸ் டிரைவருக்குப் பொருந்தாது. பொருந்தியது போல இருக்கும், முறுக்கும்போது வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை என்று கேட்டு ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிலிப்ஸ் முனையை அரத்தில் சற்றுத் தேய்த்து, தலைக்குள் அடிவரை இறங்கும்படி ஆக்கிக்கொள்ளலாம்.

ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, நிலத்தோடு ஊர்ந்து போகும். ஆகவே குசினிப் பக்கம் வேண்டாம், திறந்த முற்றமே நல்லது. பின்னேரம் நுளம்பு கடிக்கிறது என்று காருக்கடியில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டு காபரேட்டரைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நேரத்தையும் யோசித்துத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருதுக் கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிறில் மட்டக்களப்பு டவுனில் பாதிக் கடை இருக்காது. பாதி கழற்றிய காபரேட்டரோடு ஒரு கஸ்கட்டுக்காக மறுநாள் வரை காத்திருக்க நேரும்.

2. காபரேட்டர்தான் பிழையா என்று பாருங்கள்

இந்த வரிசையிலேயே பாருங்கள். ஒன்றைத் தாண்டி மற்றதற்குப் போகாதீர்கள்.

எயார் பில்டர்: கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வெள்ளாண்மை வெட்டும் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வீதிகளில் ஓடும் கார் என்றால் கிழமைக்கு ஒரு தரம் தட்ட வேண்டும். அறுவடை மெசினின் தூசி அடைத்த பில்டரும் பாதி மூடிய சோக்கும் (ஆறிய எஞ்சினை இயக்கக் காற்றைக் குறைக்கும் தகடு) செய்யும் கெடுதி ஒன்றுதான்: பெற்றோல் கூடிப் போகும்.

பிளக்: பெரும்பாலான பழைய கார்களில் இடைவெளி 0.8 மில்லிமீற்றர். கொண்டக்ட் பொயின்ற் உள்ள காரில் அதன் இடைவெளியையும் பாருங்கள். கேஈ70 கொரோலாவில் வரும் டொயோட்டா 4கே எஞ்சினில் 0.45 மில்லிமீற்றர். அதே எஞ்சினில் வால்வு இடைவெளி சூடாக இருக்கும்போது உள்வால்வுக்கு 0.20, வெளிவால்வுக்கு 0.30. உங்கள் காருக்குரிய எண்ணைப் புத்தகத்திலோ பொனற்றுக்கு உள்ளே ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ பாருங்கள்.

டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்): டிஸ்ரிபியூட்டருக்கு வரும் வெக்கூம் பைப்பைக் கழற்றி, பைப்பின் வாயை அடைத்துவிட்டு டைமிங் லைற்றில் பாருங்கள். பொயின்ற் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அதனால் முதலில் பொயின்ற், பிறகு டைமிங், பிறகுதான் காபரேட்டர்.

காற்றுக் கசிவு: இங்கேதான் பத்துக்கு ஆறு கார்கள் பிடிபடும் என்றே சொல்லலாம். எஞ்சின் ஸ்லோவில் ஓட, தெளிகருவியில் வெறும் தண்ணீர் எடுத்து, காபரேட்டரின் அடிக் கஸ்கட், மனிபோல்ட் கஸ்கட், ரப்பர் பைப் முனைகள் ஆகியவற்றில் ஒவ்வொன்றாகத் தெளியுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் ஓட்டம் மாறுகிறதோ அங்கே கசிவு. சிலர் இதற்குக் கிளீனர் ஸ்பிரேயை அடிப்பார்கள். 4கே போன்ற எஞ்சினில் சுடுபுகை மனிபோல்ட் காபரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே எரியக்கூடிய எதையும் தெளிக்க வேண்டாம்.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த பைப்பைப் பிளையரால் மெல்ல நெரியுங்கள். ஓட்டம் சீரானால் பூஸ்டரில்தான் கசிவு. அது பிரேக் விசயமும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். கடைசியாக, காபரேட்டரின் அடியில் உள்ள திறொட்டில் தண்டை (அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது திறக்கும் தகட்டைத் தாங்குவது) கையால் முன்பின் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, காற்று அந்தத் துளையால் போகிறது. எத்தனை திருகினாலும் ஸ்லோ நிற்காது. புது புஷ் போட லேத் வேலை தேவை.

இன்னொரு வழக்கமான பொறி: யாரோ முன்பு வெக்கூம் பைப்புகளைக் கழற்றி வாயில் போல்ட் சொருகி வைத்திருப்பார்கள். "அது தேவையில்லாத சாமான்" என்பார்கள். டிஸ்ரிபியூட்டர் வெக்கூம் பைப் அடைபட்ட கார் பெற்றோல் கூடக் குடிக்கும். அந்தக் குற்றமும் காபரேட்டரின் தலையில்தான் விழும்.

3. எஞ்சினைச் சூடாக்குங்கள்

பதினைந்து நிமிடம் வீதியில் ஓடிவிட்டு வாருங்கள். நின்ற இடத்தில் சூடாக்கினால் போதாது. எயார் பில்டரின் மூடியை ஒரு நிமிடம் திறந்து சோக் தகடு நேர் குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சோக் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே அது பாதியில் இறுகிக் கிடந்தாலும் ஒருவருக்கும் தெரிவதில்லை. கல்லடி, பொத்துவில் போல் கடலோடு ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று சோக் கேபிளையும் திறொட்டில் ஸ்பிரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். இரண்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பில்டரைத் திரும்பப் பூட்டுங்கள். அது இல்லாமல் டியூன் செய்தால், பூட்டிய பின் எல்லாம் மாறும். ஏசி, லைற், விசிறி எல்லாம் ஓவ். ரேடியேற்றர் விசிறி மின்சாரத்தில் ஓடுவதென்றால் அது நிற்கும் நேரத்தில் மட்டும் அளவு பாருங்கள்.

4. இரண்டு இஸ்குரூ, ஒரே சமயத்தில் ஒன்று

திறொட்டில் நெம்பைத் தள்ளி நிற்பது ஸ்லோ இஸ்குரூ. காபரேட்டரின் அடிப்பகுதிக்குள் ஸ்பிரிங்கோடு நுழைந்திருப்பது கலவை இஸ்குரூ. சிலவற்றில் கலவை இஸ்குரூவின் மேல் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். எவ்வளவு சுற்றலாம் என்பதைக் கட்டுப்படுத்தத்தான் அந்தத் தொப்பி, மெல்ல இழுத்தால் கழலும். இரண்டாவது குழலின் திறொட்டிலில் ஒரு சிறிய நிறுத்த இஸ்குரூ இருக்கும். அதை ஒருநாளும் தொடாதீர்கள்.

எஞ்சினை நிறுத்துங்கள். கலவை இஸ்குரூவை வலப்பக்கமாக மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் முட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். முட்டியதும் விடுங்கள். இறுக்கினால் ஊசி முனையில் வளையமாகக் குழி விழும், அதன் பிறகு அந்த இஸ்குரூ நுணுக்கமாக வேலை செய்யாது. குழி விழுந்த ஊசியைக் கண்டால் புதிது போடுங்கள்.

இப்போது இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இது தொடக்க நிலை மட்டும். முடிவில் பெரும்பாலான கார்கள் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும்.

எஞ்சினை இயக்கி, ஸ்லோ இஸ்குரூவால் ஸ்டிக்கரில் உள்ள ஆர்பிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 700 முதல் 850 வரை. பிறகு:

கலவை இஸ்குரூவைக் கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பின் பத்து செக்கன் பொறுங்கள், எஞ்சின் பதில் சொல்ல நேரம் எடுக்கும். எந்தப் பக்கம் ஆர்பிஎம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் போய், உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். உச்சத்தில் ஆர்பிஎம் கூடிவிட்டதென்றால் ஸ்லோ இஸ்குரூவால் இறக்குங்கள். திரும்பக் கலவைக்கு வாருங்கள். இப்படி மூன்று நாலு தரம் மாறி மாறிச் செய்தால், கலவையை எந்தப் பக்கம் திருகினாலும் ஓட்டம் குறையும் ஒரு புள்ளி வரும். அங்கிருந்து ஆர்பிஎம் 50 அளவு குறையும் வரை உள்ளே திருகி நிறுத்துங்கள். பெற்றோலும் மிச்சம், புகையும் குறைவு.

வெக்கூம் கேஜ் இருந்தால் காதை நம்ப வேண்டியதில்லை. மனிபோல்ட்டில் பூட்டி, முள் அதிகமாகவும் அசையாமலும் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். நம் பகுதி கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் அசையாமல் ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது அல்லது கசிவு இருக்கிறது. தாளம் தவறாமல் துடித்துத் துடித்து விழுந்தால் வால்வு.

மோட்டார் சைக்கிளில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில சைக்கிள்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருப்பது காற்று இஸ்குரூ, உள்ளே திருகினால் பெற்றோல் கூடும். இந்தக் கார்களில் உள்ளே திருகினால் பெற்றோல் குறையும். கை பழக்கத்தில் தலைகீழாகத் திருகிவிடாதீர்கள்.

5. இஸ்குரூ சொல்லுக் கேட்காவிட்டால்

உண்மையான கல்வி இங்கேதான்.

கலவை இஸ்குரூவை முழுக்க உள்ளே திருகியும் எஞ்சின் நிற்கவில்லை என்றால், ஸ்லோவுக்கு வேறு வழியால் பெற்றோல் வருகிறது. பெரும்பாலும் ஸ்லோ இஸ்குரூவை யாரோ மிக உயர்த்தி வைத்ததால் திறொட்டில் தகடு கூடுதலாகத் திறந்து, அடுத்த துளையும் வெளியே தெரிகிறது. ஸ்லோ இஸ்குரூவை இறக்கிப் பாருங்கள். இறக்கியதும் ஓவ் ஆனால் ஸ்லோ ஜெட் (ஸ்லோவுக்குப் பெற்றோல் அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைத்திருக்கிறது. அந்த அடைப்பை மறைக்கத்தான் முன்னவர் ஸ்லோவை உயர்த்தியிருக்கிறார்.

நாலு சுற்று வெளியே எடுத்தும் பெற்றோல் போதவில்லை என்றால்: ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது பிடிபடாத காற்றுக் கசிவு, அல்லது ஸ்லோ பெற்றோலை வெட்டும் சொலினொயிட் (மின்சாரத்தில் திறந்து மூடும் சிறு வால்வு) செத்துவிட்டது. திறப்பை ஒன் செய்யுங்கள், எஞ்சினை இயக்க வேண்டாம். சொலினொயிட் வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டும்போது "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ஒரு பியூஸ் போனதற்காகக் காபரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

திறப்பை ஓவ் செய்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடினால் ஸ்லோ மிக உயரம், அல்லது அதே சொலினொயிட் மூடாமல் நிற்கிறது.

மிதித்ததும் திக்குகிறது என்றால் அக்ஸிலேட்டர் பம்பைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, மேலிருந்து பார்த்தபடி திறொட்டிலைத் தள்ளுங்கள். தள்ளிய கணமே பலமான பெற்றோல் தாரை பாய வேண்டும். சொட்டினால் பம்பின் ரப்பர் காய்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது அதற்குள் முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள், ஒரு பின்வெடிப்பில் புருவம் போகும்.

பெற்றோல் வழிந்தால் மிதவை. கண்ணாடிச் சாளரம் உள்ள காபரேட்டரில் பெற்றோல் மட்டம் நடுக்குறியில் நிற்க வேண்டும். கூடினால் நீடில் வால்வில் அழுக்கு, அல்லது மிதவை ஓட்டை. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே பெற்றோல் சலசலக்கும். கொதித்து இறக்கிய தண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். இந்தச் சோதனையை அடுப்புக்குத் தூரத்தில் வைத்துச் செய்யுங்கள்.

மாரி மழைக்குப் பிறகு திடீரென்று இருமும் காருக்கு முதலில் பெற்றோல் சோதனை. மிதவைத் தொட்டியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் படியும்.

6. கழற்றிக் கழுவ வேண்டியிருந்தால்

ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். பற்றறியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பைப்பையும் கழற்ற முன் போனில் படம் எடுத்து, ரேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். காபரேட்டரைத் தூக்கியதும் மனிபோல்ட் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் எஞ்சினின் தலையைக் கழற்றும் நிலை வரும்.

வெள்ளைத் தட்டத்தின் மேல் வைத்துத் திறவுங்கள். அக்ஸிலேட்டர் பம்புக்கு அடியில் சிறிய உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும், கவிழ்த்ததும் ஓடிவிடும். ஜெட்டுகளைக் கழற்றும்போது எது எந்தத் துளையில் இருந்தது, அதில் பொறித்துள்ள எண் என்ன என்று எழுதுங்கள். ஜெட் துளைக்குள் கம்பி விடக் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு கீறல் போதும் கலவை மாற. கிளீனர் தெளித்து, காற்றடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பிடிவாதமான அடைப்புக்கு பிரஷ் நைலோன் நார் ஒன்று. ரப்பர் பாகங்களைக் கிளீனரில் ஊறப் போடாதீர்கள், ஊதிப் பெருத்துவிடும்.

பூட்டும்போது கஸ்கட்டுக்கு சிலிக்கன் பூசாதீர்கள். பெற்றோலில் அது இளகித் துண்டு துண்டாக ஜெட்டுக்குள் போகும். அடி நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினால் தட்டு வளையும், அடியில் உள்ள கறுப்புச் சூடுதடுப்புக் கட்டை வெடிக்கும். 500 கிலோமீற்றர் ஓடிய பின் அந்த நட்டுகளை மீண்டும் தொட்டுப் பாருங்கள்.

புதுசு என்று மலிவாக விற்கும் நகல் காபரேட்டரை விட, உடல் தேயாத பழைய அசலுக்கு நல்ல கிற் போடுவதே மேல். நகலில் ஜெட் அளவு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கை இல்லை.

7. மொரிஸ் மைனர் வைத்திருப்போருக்கு

மொரிஸ் மைனரில் இருக்கும் எஸ்யூ காபரேட்டரில் கலவையைத் தீர்மானிப்பது அடியில் உள்ள ஜெட் நட்டு. மேலே உள்ள தண்டில் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் மிதித்ததும் திக்கும். எஞ்சின் சூடான பின் பக்கத்து ஊசியால் காபரேட்டரின் பிஸ்டனை 0.8 மில்லிமீற்றர் அளவு மட்டும் உயர்த்துங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். குறைந்து நிற்கப் போனால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் சற்றே கூடித் தணிந்தால் சரி. நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத் திருகுங்கள்: மேலே ஏற்றினால் குறையும், கீழே இறக்கினால் கூடும்.

8. வீதியில் சோதனை

கல்முனை வீதி போல் மட்டமான வீதியில் 50, 60 வேகத்தில் பத்து நிமிடம் ஓடி, ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை ஓவ் செய்யுங்கள். சற்று ஆறிய பின் பிளக்குகளைக் கழற்றுங்கள். பால் தேத்தண்ணி நிறம் நல்லது. காய்ந்த கரி பெற்றோல் அதிகம். வெள்ளை வெளேர் என்றால் குறைவு, அப்படியே ஓட்டினால் வால்வு எரியும். எண்ணெய் ஈரம் தெரிந்தால் அது காபரேட்டரின் வேலையல்ல, றிங் அல்லது வால்வு சீல். ஒரு பிளக் மட்டும் வேறு நிறமென்றால் அந்த சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானம் நிறுத்தி அரை மணியில் திரும்ப இயக்கினால் பிடிக்காது. மிதவைத் தொட்டியில் பெற்றோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருக்கும். அக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெற்றோல்தான் பாயும். இதற்காக டியூனை மாற்ற வேண்டாம். செங்கலடியால் பதுளைக்கு ஏறி நுவரெலியா வரை போகும்போது கலவை தானாகப் பெற்றோல் கூடியதாக மாறுவதும் அப்படித்தான். உயரத்தில் காற்று மெலிவு, கீழே இறங்கியதும் சரியாகும்.

9. புகைப் பரிசோதனைக்குப் போகும்போது

வருட லைசன் முடியும் திகதிக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்னர் டியூன் செய்யுங்கள். பரிசோதனையில் தவறினால் திருத்த நாள் வேண்டும். நிலையத்துக்கு இருபது நிமிடமாவது ஓடிச் சூடான எஞ்சினோடு போங்கள். வரிசையில் நீண்ட நேரம் ஓவ் செய்து நின்றிருந்தால் உங்கள் முறை வர முன் மீண்டும் இயக்கி வையுங்கள். பெற்றோல் காரை ஸ்லோவிலும் 2500 ஆர்பிஎம்மிலும் சோதிப்பார்கள்.

தரும் அறிக்கையை மடித்துப் போட்டுவிடாதீர்கள், அதை விட நல்ல டியூனிங் கருவி உங்களிடம் இல்லை. காபன் மொனொக்சைட் வீதம் கூடி ஹைட்ரோகாபன் சாதாரணமாக இருந்தால் பெற்றோல் அதிகம். ஸ்லோவில் மட்டும் கூடினால் கலவை இஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே, 2500இல் கூடினால் எயார் பில்டர், சோக், மிதவை மட்டம். மொனொக்சைட் குறைந்து ஹைட்ரோகாபன் ஏறியிருந்தால் எங்கோ எரியாமல் மிஸ் பண்ணுகிறது: பிளக், வயர், பொயின்ற், அல்லது காற்றுக் கசிவு. இரண்டும் கூடினால் பெற்றோல் அதிகமாகிப் பிளக் கரி பிடித்திருக்கிறது, பிளக்கைத் துடைத்து மாற்றிய பின் மீண்டும் நாலாம் படிக்கு வாருங்கள்.

சித்தியடைந்ததும் புகைச் சான்றிதழ், காப்புறுதிச் சான்றிதழ், பழைய லைசன் மூன்றையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகலாம். போக முன் அறிக்கையைப் படம் எடுத்து, பின்பக்கத்தில் அன்றைய கலவைச் சுற்று எண்ணிக்கையையும் ஆர்பிஎம்மையும் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். அடுத்த தரம் யாரும் திருகிக் குழப்பினாலும் திரும்பி வர இடம் இருக்கும்.